கடுபுல் வந்த வழி



வீரமுனையில் எங்கள் வீட்டு முற்றத்து மாமரத்தின் கீழே ஒரு பூச்சாடி தொங்குகின்றது. ஆண்டின் பெரும்பகுதியில் அதனை எவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. நீண்டு தட்டையான பச்சைப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாய்த் தொங்கும். அவ்வளவே. அழகென்று சொல்வதற்கு அதில் ஏதுமில்லை. ஆயின் ஆண்டில் இரண்டோ மூன்றோ இரவுகளில் அயலவர் அனைவரும் அந்தச் செடியைச் சுற்றிக் கூடுவர். பாயும் கதிரையும் வரும், தேநீர் வரும், உறக்கம் கலைந்த குழந்தைகள் தாயின் தோளிற் சாய்ந்தபடி கண் விழித்துப் பார்ப்பர். இரவு எட்டு மணியளவில் அரும்பின் நுனி மெல்ல நெகிழும். பதினொரு மணிக்கும் நள்ளிரவுக்கும் இடையில் வெண்ணிற மலர் முழுமையாக விரிந்து, முற்றமெங்கும் மணம் பரவும். விடியுமுன் அது துவண்டு தொங்கிவிடும்.

அத்தகைய ஓர் இரவில் எங்கள் பாடசாலை மாணவன் ஒருவன் என்னை நோக்கி, "சேர், இது எங்கட நாட்டுப் பூத்தானே?" என்று கேட்டான். அருகிலிருந்த மூதாட்டி ஒருவர் முந்திக்கொண்டு, "இது தேவலோகத்துப் பூ, மகன்" என்றார். கையிற் தொலைபேசியை வைத்திருந்த இளைஞர் ஒருவர் அதிற் தேடிப் பார்த்துவிட்டு, "இல்லை, இது மெக்சிக்கோ நாட்டுப் பூ" என்றார். மாணவனின் முகம் வாடியதை நான் கண்டேன். தனக்குரியது என எண்ணியிருந்த ஒன்றை யாரோ பறித்துக்கொண்டாற்போல அவன் மலரைப் பார்த்தான்.

வரலாறு கற்பிக்கும் ஆசிரியனுக்கு அந்தக் கேள்வி சிறியதன்று. ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்பதும், அது யாருக்குரியது என்பதும் ஒரே கேள்வியா? இதற்கு விடை காண அந்த மலரின் வரலாற்றை இன்று உங்களோடு சேர்ந்து பார்க்க விரும்புகின்றேன். அந்த வரலாறு நம் வீட்டுச் சாடியில் அம்மலரைப் பூக்கவைக்கும் வழியையும் கற்பிக்கின்றது என்பதைப் பின்னர் காண்பீர்கள்.

முதலில் பெயர்களைப் பார்ப்போம். சிங்கள மக்கள் இம்மலரைக் 'கடுபுல்' என்பர். நாமும் அப்பெயரையே எடுத்து வழங்குகின்றோம். கடுபுல் மலரும் நள்ளிரவில் நாகர்கள் தங்கள் உலகிலிருந்து இறங்கி வந்து, சிவனொளிபாத மலையிற் புத்த பெருமானுக்கு அதனைக் காணிக்கையாக்குவர் என்பது அவர்களிடையே வழங்கும் ஐதிகம். தமிழகத்தில் இதனைப் 'பிரம்ம கமலம்' என்று அழைக்கின்றனர். பூவின் உட்புறத்தில் பாம்பணையில் திருமால் பள்ளிகொண்ட கோலம் தெரிகிறதென்று கைகூப்புவாரும் உளர். கேரள மக்கள் 'நிசாகந்தி', அதாவது இரவில் மணப்பவள், என்பர். சீனத்தில் இதற்குத் 'தான்ஹுவா' என்று பெயர். தோன்றிய கணமே மறையும் சிறப்புக்கு இதனை உவமை கூறுவது அந்நாட்டு வழக்கு.

இப்பெயர்களைச் சற்று ஆராய்ந்தால் ஒரு வியப்பான உண்மை வெளிப்படும். உண்மையான பிரம்ம கமலம் இமயமலையின் உயரமான சரிவுகளில் வளரும் வேறொரு செடி. அது சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தியாவின் உத்தராகண்ட் மாநிலம் அதனையே தன் மாநில மலராகக் கொண்டுள்ளது. சீனரின் 'தான்ஹுவா' என்ற பெயரும் அவ்வாறே. பௌத்த நூல்கள் கூறும் உதும்பர மலர் மிக நீண்ட காலத்துக்கு ஒருமுறை மட்டுமே பூப்பது. அப்பெயரின் சீன வடிவத்திலிருந்து பிறந்ததே 'தான்ஹுவா'. நம் நாட்டிலும் தேவருலகத்து மலர் என்ற எண்ணம் முன்னரே மக்கள் மனத்திற் குடியிருந்தது. ஆகவே பெயர்கள் முன்னரே காத்திருந்தன. மலர் பின்னரே வந்தது. கதைகளிற் கேட்டறிந்த மலரைக் கண்ணாற் காணாத மக்கள், நள்ளிரவில் விரிந்து விடியுமுன் மறையும் இவ்வெண்மலரைக் கண்டபோது, 'இதுவே அது' என்று துணிந்தனர். அத்துணிவை நாம் எள்ளி நகையாட வேண்டியதில்லை. மனிதர் அன்பு செலுத்தும் முறைகளில் பெயரிடுதலும் ஒன்று.

இனி, மலர் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்ப்போம்.

கடுபுல், கக்டஸ் என வழங்கும் தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒன்றைத் தவிர, அக்குடும்பத்தின் இனங்கள் அனைத்தும் இயற்கையாக அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வளர்ந்தவை. அந்த ஒன்றைப் பற்றிப் பின்னர் கூறுவேன். கடுபுலின் தாயகம் தென் மெக்சிக்கோவும் அதனை அடுத்த குவாத்தமாலா முதலிய நாடுகளும் ஆகும். 1492ஆம் ஆண்டிற் கொலம்பசு அமெரிக்கத் தீவுகளை அடைந்ததன் பின்னரே அப்பகுதித் தாவரங்கள் கடல் கடந்து உலகெங்கும் பரவத் தொடங்கின.

ஸ்பானிய மன்னர் மூன்றாம் சார்ல்சின் ஆணைப்படி 1787ஆம் ஆண்டு முதல் 1803ஆம் ஆண்டு வரை மெக்சிக்கோவில் ஒரு பெரும் தாவரவியல் ஆய்வுப் பயணம் நிகழ்ந்தது. மார்ட்டின் தெ செசே அதற்குத் தலைமை தாங்கினார். மெக்சிக்கோவிற் பிறந்த ஹொசே மரியானோ மொசினோ அவருக்குத் துணை நின்றார். எச்செவெரியா, செர்தா என்னும் ஓவியர்கள் காடு மேடெல்லாம் அலைந்து செடிகொடிகளை வண்ணப் படங்களாகத் தீட்டினர். பயணம் முடிந்து ஸ்பெயினுக்கு வந்தபோது அங்கே போரும் குழப்பமும் மிகுந்திருந்தன. செசே காலமானார். மொசினோ படக்கட்டுகளைச் சுமந்துகொண்டு பிரான்சு நாட்டுக்குத் தப்பியோடினார். அங்கே ஒகுஸ்தன் தி கண்டோல் என்னும் பேரறிஞரிடம் அவற்றை ஒப்படைத்தார். தி கண்டோல் தமது ஊராகிய ஜெனீவாவுக்கு அவற்றைக் கொண்டுசென்றார்.

1817ஆம் ஆண்டில் மொசினோவுக்கு ஸ்பெயினுக்குத் திரும்பும் அனுமதி கிடைத்தது. படங்களைத் திருப்பித் தருமாறு அவர் கேட்டார். அறிவுலகுக்குப் பெருஞ்செல்வமான அப்படங்கள் கைவிட்டுப் போகின்றனவே என்று தி கண்டோல் கலங்கினார். செய்தியறிந்த ஜெனீவா மக்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் தூரிகையுடன் முன்வந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் பெண்கள். ஏறத்தாழ ஆயிரம் படங்களைச் சுமார் பத்து நாட்களில் அவர்கள் படியெடுத்து முடித்தனர். 'ஜெனீவாப் பெண்களின் தாவர நூல்' என்று அத்தொகுதிக்குப் பெயர் ஏற்பட்டது. மொசினோ கொண்டுசென்ற மூலப் படங்களோ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் அறிவுலகின் பார்வைக்கு எட்டாமற் போயின. அவை 1981ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரிலுள்ள ஹன்ட் நிறுவகத்தைச் சென்றடைந்தன.

அப்படங்களை ஆதாரமாகக் கொண்டு தி கண்டோல் பல மெக்சிக்கத் தாவரங்களுக்கு விளக்கம் எழுதினார். 1828ஆம் ஆண்டில் நம் கடுபுலுக்கும் அறிவியற் பெயர் கிடைத்தது. கூரிய இதழ்களை உடையது என்னும் பொருள்பட 'ஒக்சிபெட்டலஸ்' என்று அவர் பெயரிட்டார். அடுத்த ஆண்டிலேயே ஹாவர்த் என்னும் ஆங்கிலேயர் அதனை 'எபிபில்லம்' என்ற இனத்திற் சேர்த்து, இன்றுவரை நிலைத்திருக்கும் 'எபிபில்லம் ஒக்சிபெட்டலம்' என்ற பெயரை வழங்கினார்.

எபிபில்லம் என்றால் கிரேக்க மொழியில் 'இலையின் மேல்' என்பது பொருள். இலையின் விளிம்பிலிருந்தே பூ பிறக்கிறதென்று அக்காலத்தவர் எண்ணினர். உண்மையில் அது இலையன்று, தண்டு. இலைகள் அற்றுப்போக, தண்டே தட்டையாகிப் பசுமை பூண்டு இலையின் தொழிலைச் செய்கின்றது. கக்டஸ் என்ற குடும்பப் பெயரும் இரவல்தான். கிரேக்கர் சிசிலித் தீவில் வளர்ந்த ஒரு முட்செடியைக் 'கக்டோஸ்' என்றனர். அமெரிக்க முட்செடிகளுக்கு அப்பெயரை லின்னேயஸ் எடுத்து வழங்கினார். பாமரர் மட்டுமே பெயரிடுவதில் தவறினர் என்று நாம் கருதலாகாது. அறிஞரும் தவறியதுண்டு.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கக்டஸ் குடும்பம் இலங்கைக்கு மூன்று வழிகளில் வந்தது என்று சொல்லலாம்.

முதல் வழி பறவையின் வழி. நான் முன்னர் விலக்காகக் கூறிய ஓர் இனம் இதுவே. அதன் பெயர் 'ரிப்சாலிஸ்'. மலைநாட்டுக் காடுகளில் மரக்கிளைகளிற் பச்சை நூற்கற்றை போலத் தொங்கும், முள் இல்லை, முத்துப் போன்ற சிறு வெண்கனிகள் உண்டு. அமெரிக்காவுக்கு வெளியே, ஆபிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் நம் இலங்கையிலும் இயற்கையாக வளரும் கக்டஸ் இது ஒன்றே. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராக இருந்த ஹென்றி டிரைமன், 1893ஆம் ஆண்டு முதல் வெளிவந்த தமது இலங்கைத் தாவர நூலில் இதனை இந்நாட்டுத் தாவரங்களுள் ஒன்றாகவே சேர்த்துள்ளார். பசையுள்ள அதன் விதைகளைப் பறவைகள் கடல் கடந்து கொண்டுவந்திருக்கலாம் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

இரண்டாவது வழி வணிகத்தின் வழி. நாகதாளியை நேயர்கள் அறிவீர்கள். தமிழகத்தில் சப்பாத்திக்கள்ளி என்பர். அதன்மேல் வாழும் ஒரு சிறு பூச்சியிலிருந்து கொச்சினீல் என்னும் செந்நிறச் சாயம் எடுக்கப்படுகின்றது. மெக்சிக்கோவின் அச்செல்வத்தை ஸ்பானியர் தம் கைக்குள்ளேயே வைத்திருந்தனர். அதைத் தாமும் அடைய விரும்பிய கிழக்கிந்தியக் கம்பெனியார் பூச்சிக்கு இரையாக நாகதாளி வகைகளை இந்தியாவில் வளர்த்தனர். சென்னையில் மருத்துவர் ஜேம்ஸ் அண்டர்சன் அதற்கென்றே ஒரு தோட்டம் அமைத்தார். 1795ஆம் ஆண்டில் பிரேசிலிலிருந்து பூச்சியும் வந்தது. ஆனால் அது உயர்ந்த சாயம் தரும் இனமன்று. சாயத் தொழில் தோற்றது. பூச்சியோ நாகதாளியைத் தின்று தீர்த்தது. பிற்காலத்தில் நாகதாளி வயலையும் மேய்ச்சல் நிலத்தையும் மூடிப் பரவியபோது, அதே பூச்சியை அதற்குப் பகையாக ஏவினர். 1865ஆம் ஆண்டளவில் தென்னிந்தியாவிலிருந்து இலங்கைக்கும் அதனைக் கொண்டுவந்தனர். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் பூச்சியைக் கொண்டுசென்று களையை அடக்கிய முயற்சிகளில் உலகிலேயே முதல் வெற்றி இதுவென அறிவியலாளர் போற்றுவர். அப்பூச்சியின் அறிவியற் பெயரில் இன்றும் 'சிலோனிக்கஸ்' என்று நம் நாட்டின் பழைய பெயர் ஒட்டிக்கொண்டிருக்கின்றது. பிரேசிலிற் பிறந்த பூச்சிக்கு இலங்கைப் பெயர்! நாகதாளியின் மற்றோர் இனம் அம்பாந்தோட்டைப் பகுதியிலும் புந்தல தேசிய பூங்காவிலும் இன்றும் தொல்லை தந்து வருகின்றது.

மூன்றாவது வழி மனிதரின் ஆசை வழி. கடுபுல் அவ்வாறு வந்தது. அதனால் சாயமில்லை, வேலியில்லை, வருமானமுமில்லை. ஓர் இரவின் அழகுக்காகவே மனிதர் அதனைக் கண்டம் விட்டுக் கண்டம் கொண்டுசென்றனர். ஐரோப்பியச் செல்வர்களின் கண்ணாடி வீடுகளில் அது இடம்பெற்றது. பின்னர் ஆசிய நாடுகளின் பூங்காக்களுக்கும் வீட்டு முற்றங்களுக்கும் வந்தது. அதன் பிறகு ஒரு தண்டுத் துண்டை அயல்வீட்டாருக்குக் கொடுப்பதே அது பரவிய முறை. கடை கண்ணியில் விலைக்கு வாங்கியவர்களிலும், கேட்டுப் பெற்றவர்களே நம் ஊர்களில் மிகுதி.

அமெரிக்காவிலிருந்து வந்தவை என்று ஒதுக்கத் தொடங்கினால் நம் சமையலறையே வெறுமையாகிவிடும். மிளகாய், மரவள்ளி, சோளம், கச்சான், அன்னாசி, கொய்யா, பப்பாளி, மரமுந்திரிகை யாவும் அத்திசையிலிருந்து வந்தவையே. விகாரைகளிலும் கோயில்களிலும் நாம் பூசைக்கு எடுக்கும் மணமிக்க அலரி மலரும் அமெரிக்க வெப்பநாட்டு மரத்தின் பூவே. அம்மரத்துக்குத் தமிழ் அகராதிகள் தரும் பெயர் என்ன தெரியுமா? 'ஈழத்தலரி'. வந்த மரத்துக்கு நம் நாட்டின் பெயரையே சூட்டி மகிழ்ந்தோர் நம் முன்னோர்.

இவ்விடத்தில் என் வீட்டுச் செடியின் கதையையும் கூறவேண்டியிருக்கின்றது.

என் தாயார் இளமையில் ஒரு கடுபுற் கன்றை வைத்திருந்தார். கள்ளிச் செடியென்றால் வெயிலும் மணலும் வேண்டும் என்பது எங்கள் வீட்டார் எண்ணம். சங்கப் பாடல்களிற் பாலை நிலத்தோடு சேர்த்துப் பேசப்படும் கள்ளியின் நினைவு நம் மொழியிலேயே ஊறியிருக்கின்றது. ஆயின் அந்தக் கள்ளி, கிள்ளினாற் பால் வடியும் வேறு குடும்பத்துச் செடி. கக்டஸ் இனங்களுக்கும் அதற்கும் உறவில்லை. கடுபுலைக் கிள்ளினால் அத்தகைய பால் வடிவதில்லை. பெயர் ஒன்றாயிருந்ததால் குணமும் ஒன்றென்று எண்ணினோம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அச்செடி முற்றத்து மணலில் மஞ்சளித்துச் சுருங்கும். ஒருபோதும் பூத்ததில்லை. அதிலிருந்து ஒரு துண்டை என் தாயார் சம்மாந்துறையிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்துபோகும் முஸ்லிம் மாது ஒருவருக்குக் கொடுத்தார். அவரைத் தாயார் 'ராத்தா' என்பார். நாங்கள் 'மாமி' என்போம்.

பின்னர் 1990ஆம் ஆண்டு வந்தது. அவ்வாண்டில் வீரமுனையில் நிகழ்ந்தவற்றை இந்த மாகாணத்தார் அறிவர். உயிர்களை இழந்தோம், வீடு வாசலை விட்டு வெளியேறினோம். அதே ஆண்டில் இம்மாகாணத்து முஸ்லிம் மக்களும் தங்கள் பிள்ளைகளை இழந்து கதறினர். யார் இம்மண்ணுக்கு உரியவர், யார் வந்தவர் என்னும் கேள்வி மனிதரின் நாவில் எத்தகைய நஞ்சாகக் கூடும் என்பதை நான் இளமையிற் கண்டேன். அதனால்தான் அந்த மாணவனின் கேள்வி என்னை இத்தனை தூரம் சிந்திக்க வைத்தது.

சில ஆண்டுகள் கழித்து ஊர் திரும்பியபோது எங்கள் வீட்டில் சுவர்கள் மட்டுமே எஞ்சியிருந்தன. செடியைப் பற்றி எவருக்கு நினைவு வரும்? ஒரு நாள் அந்த மாமி வந்தார். சேலைத் தலைப்பின் கீழ் பழைய பத்திரிகைத் தாளிற் சுற்றிய மூன்று தண்டுகளை வைத்திருந்தார். தாயாரின் கையில் அவற்றைக் கொடுத்து, "இது உங்கட. என்னட்ட நல்லாப் பூக்குது" என்றார். பின்பு என் பக்கம் திரும்பி, "மகன், இதப் போட்டு வெயில்ல காய வெக்காத. நான் மரத்துக்குக் கீழ, பொச்சுக்குள்ள வெச்ச" என்றார். தாயார் நெடுநேரம் அழுதார். மாமியும் அழுதார். அதற்கு மேல் அன்று இருவரும் ஏதும் பேசவில்லை.

மாமி எந்தத் தாவர நூலையும் படித்தவரல்லர். ஆயின் அவர் செய்தது மிகச் சரியானது என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பின்னரே நான் அறிந்தேன். கடுபுல் தன் தாயகத்திற் பாலைவனத்துச் செடியன்று. ஈரக் காடுகளில் பெருமரங்களின் கிளைக் கவட்டிலும் பாறை இடுக்கிலும், உக்கிய இலைகளில் வேரூன்றி வாழ்வது. புல்லுருவியைப் போல மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. மரத்தை ஒரு தாங்கியாக மட்டுமே கொள்கின்றது. அக்காட்டில் இலைகளினூடே வடிகட்டிய வெளிச்சம் உண்டு. கொளுத்தும் வெயில் இல்லை. மழை பெய்தால் நீர் நிற்பதில்லை, வழிந்தோடும். மழைக்காலத்தை அடுத்து ஒரு வறட்சிக்காலமும் உண்டு. இவற்றை மனத்திற் கொண்டால் வளர்ப்பு முறை தானாக விளங்கும்.

முதலாவது, இடம். காலை வெயில் ஓரிரண்டு மணி நேரம் படலாம். நண்பகல் வெயில் ஆகாது. கிழக்கு நோக்கிய விறாந்தை, மாமர நிழல் என்பன உகந்தவை. முழு இருளிலும் அது பூக்காது. தண்டு மஞ்சளித்தால் வெயில் கூடிவிட்டது. மெலிந்து வெளிறி நீண்டால் வெளிச்சம் போதாது. கரையோர ஊர்களில் உப்புக் காற்றும் கச்சான் காற்றும் நேரே தாக்காதவாறு மறைவு வேண்டும்.

இரண்டாவது, மண். உக்கிய இலைமண் ஒரு பங்கு, தேங்காய்த் தும்போ பொச்சுத் துண்டுகளோ ஒரு பங்கு, ஆற்றுமணலும் சிரட்டைக் கரித்துண்டுகளும் சேர்ந்து ஒரு பங்கு என்று கலந்தால் நீர் தங்காது. கடல் மணலில் உப்பு இருப்பதால் அதனை விலக்குக. சாடியின் அடியிற் துளைகள் அவசியம். சாடி சிறியதாக இருப்பதே நன்று. வேர்கள் சற்று நெருக்கமுற்ற பின்னரே இச்செடி நன்கு பூக்கின்றது. ஆண்டுதோறும் பெரிய சாடிக்கு மாற்றுவோர் தண்டுகளையே காண்பர், பூவைக் காணார்.

மூன்றாவது, நீர். மேல்மண் காய்ந்த பின் ஊற்றுக; காயுமுன் ஊற்றற்க. மாரிக்காலத்தில் அடைமழை பெய்யும்போது சாடியைத் தாழ்வாரத்தில் வைத்தால் வேர் அழுகாது. மாரி ஓய்ந்தபின் சில வாரங்கள் நீரைக் குறைத்துச் செடிக்கு ஓய்வு கொடுங்கள். தண்டு சுருங்குமளவுக்குக் காயவிடவேண்டாம். ஓய்வுக்குப் பின் மீண்டும் ஒழுங்காக நீர் பெறும்போது அரும்புகள் தோன்றுவதை என் அனுபவத்திற் கண்டிருக்கின்றேன். கிணற்று நீர் உவர்ப்பானால் மழைநீரைச் சேமித்து ஊற்றுதல் நன்று.

நான்காவது, உரம். நன்கு உக்கிய மாட்டெரு சிறிதளவு போதும். தழைச்சத்து மிகுந்தால் தண்டுகள் செழிக்கும், பூ வராது. அரும்பு எதிர்பார்க்கும் காலத்தில் மணிச்சத்தும் சாம்பற் சத்தும் மிகுந்த உரத்தை, பொதியிற் குறித்த அளவிற் பாதியாகக் கரைத்து ஊற்றலாம்.

ஐந்தாவது, பொறுமை. முதிர்ந்த தண்டுகளின் விளிம்பிலுள்ள சிறு வெட்டுகளிலிருந்தே அரும்பு வரும். அழகில்லையென்று பழைய தண்டுகளை வெட்டுவோர் வரவிருக்கும் பூக்களையே வெட்டுகின்றனர். புதிய துண்டு பூப்பதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் செல்லலாம். அரும்பு தோன்றிய பின் சாடியை இடம் மாற்றாதீர்கள், திருப்பியும் வைக்காதீர்கள். நீர் தவறினாலும் அரும்பு உதிரும். தோன்றியதிலிருந்து மூன்று நான்கு வாரங்களில் அரும்பு முதிரும். கீழ்நோக்கித் தொங்கும் அரும்பின் காம்பு வளைந்து, நுனி மேல்நோக்கி எழுந்து பருத்தால், மலரும் இரவு நெருங்கிவிட்டது என அறிக.

பௌர்ணமி இரவில் மட்டுமே கடுபுல் பூக்கும் என்பாருண்டு. எங்கள் வீட்டில் அமாவாசையை அடுத்த இரவிலும் பூத்திருக்கின்றது. அரும்பு முதிர்ந்த இரவே அதற்குத் திருநாள். அது இரவிற் பூப்பதற்குக் காரணம் உண்டு. தாயகக் காட்டில் நீண்ட உறிஞ்சு குழலையுடைய இரவு அந்துப்பூச்சிகளை அது எதிர்பார்க்கின்றது. இருளிற் தெரிவதற்கு வெண்மை, தொலைவிலிருந்து அழைப்பதற்கு மணம், தேனைக் காப்பதற்கு ஒரு சாண் நீளமுள்ள குழல் என அனைத்தும் அந்த விருந்தாளிக்கான ஏற்பாடு. நம் நாட்டில் இச்செடி காய்ப்பதைக் காண்பது அரிது. ஆகவே இங்கே அதன் சந்ததியை வளர்க்கும் பொறுப்பு மனிதர் கைக்கே வந்துவிட்டது.

அதுவும் எளியதே. முதிர்ந்த தண்டில் ஒரு சாண் நீளம் வெட்டி, நிழலில் ஐந்தாறு நாட்கள் வைத்து வெட்டுவாயைக் காயவிடுங்கள். பின்னர் அடிப்பக்கம் கீழாக, இரண்டு அங்குல ஆழத்தில் ஈரப்பதமுள்ள மண்ணில் ஊன்றுங்கள். வேர்விடும்வரை நீரைக் குறைவாகத் தெளித்தாற் போதும். வெட்டிய தண்டு பல நாட்கள் மண்ணின்றியும் வாடாது தாங்கும். பத்திரிகைத் தாளிற் சுற்றி மாமி கொண்டுவந்த தண்டுகள் மூன்றும் அவ்வாறே தழைத்தன.

நேயர்களே, எங்கள் ஊர்ச் சிந்தாயாத்திரைப் பிள்ளையாரும் கடல் வழியே வந்தவர் என்பது எங்கள் ஐதிகம். சீர்பாததேவியின் கப்பல் கரைசேர்ந்த இடத்திற் கோயில் எழுந்ததென்று எங்கள் பாட்டன்மார் கூறுவர். வந்தவர் என்பதனால் அவர் எங்கள் பிள்ளையார் ஆகாமற் போய்விடவில்லை.

மறுநாட் காலை பாடசாலையில் அந்த மாணவனை அழைத்தேன். உலகப் படத்தை விரித்து மெக்சிக்கோவைக் காட்டினேன். ஜெனீவாப் பெண்களின் கதையையும், சம்மாந்துறை மாமியின் கதையையும் சொன்னேன். "அப்ப இது ஆற்ற பூ, சேர்?" என்று கேட்டான். அவன் கையில் ஒரு தண்டைக் கொடுத்து, "வளர்த்துப் பூக்கவைப்பவர்களின் பூ. உன்னுடையது பூத்தால் இன்னொருவருக்கும் ஒரு துண்டு கொடு" என்றேன்.

அவன் அதனைத் தன் வீட்டு வேப்பமரத்தின் கீழே நட்டிருக்கின்றான். இவ்வாண்டு புதிய தண்டு இரண்டு விட்டிருக்கின்றது. இன்னும் பூக்கவில்லை. நாட்களிருக்கின்றன.